கேம் சந்தா: வருடக் கணக்கில் கட்டினால் லாபமா?

துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரில் இன்ஜினியரிங் படிக்கும் தன் தம்பிக்குப் போன லீவில் வந்தபோது பிளேஸ்டேஷன் 5 வாங்கிக் கொடுத்தாராம். வீட்டில் ஒரு கேமிங் லேப்டாப்பும் இருக்கிறது. பையன் இப்போது சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ், மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் இரண்டுக்கும் வருடம் முழுக்கச் சந்தா கேட்கிறான். நூற்றுக்கணக்கான கேம் கிடைக்கும், ஒவ்வொன்றாக வாங்குவதைவிட மலிவு என்பது அவன் கட்சி. காசு போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பது வாப்பாவின் கட்சி. ஐந்து வருடத்தை வைத்துப் பார்த்தால் யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

இரண்டு பேரும் பாதி சரி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு மாதச் சந்தா என்பது நல்ல சரக்கு. அதையே நிறுத்தாமல் வருடக் கணக்கில் கட்டுவது பெரும்பாலான வீடுகளுக்கு நஷ்டம். ஆடுகிற மாதத்தில் கட்டுங்கள், ஆடாத மாதத்தில் நிறுத்துங்கள். இராமநாதபுரத்தில் கம்ப்யூட்டரும் கன்சோலும் விற்று, பழுது பார்த்துக் கொடுக்கிறவன் நான். எந்த வீட்டில் எது உண்மையில் ஓடுகிறது, எது சும்மா கிடக்கிறது என்பது மிஷின் கைக்கு வரும்போதே தெரிந்துவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025 அக்டோபரில் மைக்ரோசாப்ட் கேம் பாஸ் விலையை மாற்றியபோது, இந்தியாவில் கன்சோல், கம்ப்யூட்டர் இரண்டுக்குமான அல்டிமேட் சந்தா மாதம் ₹829-லிருந்து ₹1,389 ஆனது. கம்ப்யூட்டருக்கு மட்டுமான பிசி கேம் பாஸ் ₹449-லிருந்து ₹939 ஆனது. அந்த விலையில் பிசி கேம் பாஸை நிறுத்தாமல் கட்டினால் வருடத்துக்கு ₹11,268. ஐந்து வருடத்துக்கு ₹56,340. அல்டிமேட் என்றால் ஐந்து வருடத்தில் ₹83,340. இந்தக் காசுக்கு ஒரு புது கன்சோலே வந்துவிடும். பிளேஸ்டேஷன் பிளஸ்ஸில் 2023 செப்டம்பரில் வருடச் சந்தா உயர்ந்தது. அடிப்படைப் படியான எசென்ஷியல் ₹2,999-லிருந்து ₹3,949, கேம் தொகுப்போடு வரும் எக்ஸ்ட்ரா ₹4,999-லிருந்து ₹6,699. எக்ஸ்ட்ராவை ஐந்து வருடம் கட்டினால் ₹33,495. இந்த விலைகள் மறுபடி மாறியிருக்கலாம், கட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடமும் இதே விலை நிற்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நிற்காது. கேம் பாஸ் 2017 ஜூனில் வந்தபோது அமெரிக்காவில் மாதம் 9.99 டாலர். எல்லாம் சேர்ந்த அல்டிமேட் 2019-ல் 14.99 டாலருக்கு வந்தது. 2023-ல் 16.99, 2024-ல் 19.99, 2025-ல் 29.99. ஆறு வருடத்தில் இரண்டு மடங்கு. ஆரம்பத்தில் ஆள் சேர்க்க வேண்டும் என்பதற்காகக் கம்பெனி நஷ்டத்தைப் பார்க்காமல் மலிவாகக் கொடுத்தது என்பதுதான் என் எண்ணம். 2024 பிப்ரவரியில் கேம் பாஸுக்கு 3.4 கோடிச் சந்தாதாரர்கள் இருப்பதாக மைக்ரோசாப்டே சொன்னது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் கால் ஆஃப் டூட்டி கேமை வைத்திருக்கும் ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலர் கொடுத்து வாங்கி முடித்திருந்தார்கள். அவ்வளவு காசைக் கொட்டியவர்கள் எங்காவது எடுத்துத்தானே ஆகவேண்டும்?

விலை ஏறுவது மட்டும் இல்லை, அதே விலைக்குக் கிடைப்பதும் குறையும். புதுக் கேம் வெளியாகும் அன்றே சந்தாவில் கிடைக்கும் என்பதுதான் கேம் பாஸின் பெரிய கவர்ச்சி. 2024-ல் ஸ்டாண்டர்டு என்று ஒரு நடுத்தரச் சந்தாவைக் கொண்டுவந்தபோது அதிலிருந்து இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். முதல் நாள் கேம் வேண்டும் என்றால் மேல் படிக்கு ஏறு என்று அர்த்தம். நம்மூர்ப் பையன்கள் பேசிக்கொள்ளும்போது கேம் பாஸ் என்று மொத்தமாகச் சொல்கிறார்கள். எந்தப் படி என்று கேட்டுவிட்டுத்தான் அது மலிவா இல்லையா என்று பேச வேண்டும்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு மாதச் சந்தா நல்ல சரக்கு என்று எப்படிச் சொல்கிறேன்? அதற்கு நம் கடற்கரையின் வருடக் கணக்கே நல்ல உதாரணம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எங்கே பார்த்தாலும் பையன்கள் கையில் நேரம் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கும் அதே சமயத்தில்தான் கோடை லீவு. 2025-ம் வருடத் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 22-ல் ஆப்லிவியன் ரீமாஸ்டர்டு கேம் பாஸில் வந்தது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 24-ல், கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. அந்த வருடத்தின் சிறந்த கேம் என்று டிசம்பரில் கேம் அவார்ட்ஸில் பரிசு வாங்கியதும் அதுதான். மே 15-ல் டூம்: தி டார்க் ஏஜஸ். மூன்றுமே வெளியான அன்றே சந்தாவில். அமெரிக்க விலையில் முதல் இரண்டும் தலா 49.99 டாலர், மூன்றாவது 69.99 டாலர், மொத்தம் கிட்டத்தட்ட 170 டாலர். அப்போது பிசி கேம் பாஸ் இங்கே ₹449. இரண்டு மாதம் கட்டினால் ₹898. 2025 அக்டோபரில் ஏறிய விலையில் கணக்குப் போட்டாலும் ₹1,878. இதைவிட மலிவாக ஒருவன் அந்தக் கோடையைக் கழித்திருக்க முடியாது.

ஆனால் ஜூன் 15-ல் படகு கடலுக்குப் போகிறது. காலேஜ் திறக்கிறது. அதற்கப்புறம் யார் தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஆடுகிறார்கள்? செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதுவும் நண்பர்களோடு பிஜிஎம்ஐயிலும் வேலரன்ட்டிலும் போய்விடும், அவை இரண்டும் இலவசம். சந்தா மட்டும் மாதம் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கும். மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளை வீட்டுத் திண்ணையில் பூட்டி வைத்துவிட்டுத் தூங்குகிற மாதிரிதான் இது. சைக்கிள் மேல் தப்பில்லை, வாடகையும் அநியாயம் இல்லை, ஓட்டத்தான் ஆளில்லை.

நூற்றுக்கணக்கான கேம் என்ற பேச்சும் இதில்தான் அடிபடுகிறது. பெரிய கதை கேம் ஒன்றை முடிக்க முப்பது மணி நேரம் ஆகும், சிலவற்றுக்கு அறுபது, எழுபதும் ஆகும். வருடம் முழுக்க வாரம் ஐந்து மணி நேரம் ஆடினால் மொத்தம் 260 மணி. ஆறேழு கேம் முடிக்கலாம், அவ்வளவுதான். மீதி எத்தனை நூறு இருந்தால் என்ன? அலமாரியில் இருக்கும் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். பையனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: போன வருடம் எந்தெந்தக் கேமைக் கடைசி வரை முடித்தாய்? பிளேஸ்டேஷனில் டிராபி பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு கேமிலும் எத்தனை சதவீதம் என்று காட்டும், பொய் சொல்ல முடியாது. அதில் இருபது கேமும் ஐந்து சதவீதத்தில் நின்றால் வருடச் சந்தா வேண்டாம். பத்து கேம் முடிந்திருந்தால் அவன் சொல்வது சரி, தாராளமாகக் கட்டுங்கள். அப்படி முடிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எக்ஸ்ட்ராவின் ₹6,699 ஒன்றுமே இல்லை, ஒன்றரைப் புது டிஸ்க்கின் விலைகூட இல்லை.

அடுத்து, வாப்பா சொல்லும் கையில் மிஞ்சாத விஷயம். இதற்கு ஜிடிஏ 5-ஐவிட நல்ல உதாரணம் இல்லை. கேம் பாஸில் அது 2020 ஜனவரியில் வந்தது, மே மாதம் போனது. 2021 ஏப்ரலில் திரும்ப வந்து ஆகஸ்டில் போனது. 2023 ஜூலையில் வந்து 2024 ஜனவரியில் போனது. 2025 ஏப்ரல் 15-ல், நம்மூரில் தடைக்காலம் தொடங்கிய அதே நாளில், மறுபடி வந்தது. அவ்வளவு பெரிய கேமைப் பாதியில் விட்டவன் ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டும், அல்லது தனியாக வாங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், முதல் தடவை அது கேம் பாஸை விட்டுப் போன அதே 2020 மே மாதத்தில் எபிக் கேம்ஸ் ஸ்டோர் கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஜிடிஏ 5-ஐ ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. அந்த ஊரடங்கு நேரத்தில் ஒரு அக்கவுன்ட் திறந்து ஒரு பட்டனை அழுத்தியவனிடம் அது இன்றுவரை இருக்கிறது. எபிக் 2018 டிசம்பரில் கடை திறந்ததிலிருந்து இலவசக் கேம் கொடுத்துக்கொண்டே வருகிறது, பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. லேப்டாப் வைத்திருக்கும் பையன் வியாழக்கிழமை இரவு அதைப் பார்க்காமல் சந்தா கேட்கிறான் என்றால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேம் வெளியேறும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது. சந்தாவில் கிடைத்த கேமுக்குக் கூடுதல் பாகம் ஒன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருப்பான். மூலக் கேம் சந்தாவிலிருந்து போனதும் அந்தக் கூடுதல் பாகம் அவன் பெயரில் இருக்கும், ஆனால் ஆட முடியாது. மூலக் கேமை வாங்கினால்தான் திறக்கும். கேம் பாஸில் இருக்கும்வரை அதை வாங்கத் தள்ளுபடி கொடுப்பார்கள், போனபின் அது இல்லை. கூடுதல் பாகம் வாங்கும் அளவுக்கு ஒரு கேம் பிடித்துவிட்டதென்றால், அந்தக் கேமையே வாங்கிவிடுவது நல்லது. இன்னொன்று: கேம் பாஸில் முப்பது மணி நேரம் ஆடிவிட்டு ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் கடையில் வாங்கினால், விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று நம்ப வேண்டாம். பல கேம்களில் சேமிப்பு அங்கே வராது, முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். மைக்ரோசாப்ட் ஸ்டோரிலேயே வாங்கினால் தொடரும்.

ஆனால் வாங்கினால் நிரந்தரம் என்று வாப்பா நினைத்தால் அதுவும் முழுக்கச் சரியில்லை. யூபிசாஃப்ட் கம்பெனி தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் அது திறக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் கேம்களைக் கொல்லாதே என்ற இயக்கம் ஐரோப்பாவில் பெரிதாகப் போனது. அதே வருடம் அக்டோபரில், நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமம்தான் என்று பணம் கட்டும் பக்கத்திலேயே ஸ்டீம் எழுதிவைத்தது. டிஜிட்டலில் வாங்குவதும் கொஞ்சம் நீண்ட வாடகை என்றே வைத்துக்கொள்ளலாம். நிஜமாகவே கையில் மிஞ்ச வேண்டும் என்றால் கன்சோலுக்கு டிஸ்க், கம்ப்யூட்டருக்கு, உரிமத்தைச் சரிபார்க்கும் பூட்டு இல்லாமல் விற்கும் ஜிஓஜி என்ற இணையக் கடை. டிஸ்க்கில் ஒரு பெரிய வசதி, முடித்துவிட்டு விற்கலாம். இராமநாதபுரத்தில் வாங்க ஆள் கிடைப்பது சிரமம்தான். மதுரை, சென்னை ஆட்களுக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம். புதுக் கேமை ₹4,999 கொடுத்து வாங்கி, சூடு ஆறுவதற்குள் முடித்து விற்றால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். இந்தக் கணக்கில் எந்தச் சந்தாவும் டிஸ்க்கோடு போட்டி போட முடியாது. ஒரே நிபந்தனை, நீங்கள் வாங்கிக் கொடுத்த பிளேஸ்டேஷன் டிஸ்க் போடும் மாடலாக இருக்க வேண்டும். டிஸ்க் இல்லாத மாடல் என்றால் இந்த வழி அடைத்துவிட்டது, ஸ்லிம், ப்ரோ மாடல்களில் மட்டும் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம்.

பிளேஸ்டேஷனில் எசென்ஷியல் மட்டும் வேறு ரகம். அதைக் கேம் சந்தா என்பதைவிட வாசல் டிக்கெட் என்று சொல்லலாம். இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி மாதிரிக் காசு கொடுத்து வாங்கிய கேமை இணையத்தில் மற்றவர்களோடு ஆட அது கட்டாயம் வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவசக் கேம்களுக்கு வேண்டாம், கம்ப்யூட்டரில் எதற்கும் வேண்டாம். உங்கள் தம்பி ராத்திரி சேக்காளிகளோடு ஃபுட்பால் ஆடுகிறவன் என்றால் எசென்ஷியலை வருடச் சந்தாவாகவே எடுங்கள். 2023 விலைப்படி மாதம் ₹499 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் ₹5,988 ஆகும். வருடமாக எடுத்தால் ₹3,949. வருடம் முழுக்க உண்மையிலேயே பயன்படும் ஒன்றுக்குத்தான் வருடச் சந்தா பொருந்தும். மே கடைசி, ஜூன் வாக்கில் வரும் டேஸ் ஆஃப் பிளே சமயத்திலும், நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே சமயத்திலும் இதற்குத் தள்ளுபடி போடுவது வழக்கம், அதுவரை பொறுக்கலாம். மாதாமாதம் சில கேம்களைக் கொடுப்பார்கள், அவற்றை அந்த மாதத்துக்குள் லைப்ரரியில் சேர்த்துவிட வேண்டும். சந்தா நின்றால் அவை பூட்டிக்கொள்ளும், மறுபடி கட்டினால் திறக்கும்.

எக்ஸ்ட்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. சோனி தன் சொந்தப் பெரிய கேம்களை வெளியான அன்றே சந்தாவில் போடுவதில்லை, பழசான பிறகுதான் வரும். பிளேஸ்டேஷனே இதுவரை வைத்திராத வீட்டுக்கு அது பெரிய புதையல், எல்லாப் பழைய நல்ல கேமும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. இரண்டாவது வருடத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிடும்.

வளைகுடாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கன்சோலை துபாயில் வாங்கி, அங்கேயே அக்கவுன்ட்டையும் திறந்து கொடுத்தீர்களா? அப்படியானால் அது ஐக்கிய அரபு அமீரக ஸ்டோர். அங்கே விலை டாலரில் இருக்கும், நான் மேலே சொன்ன ரூபாய் விலை எதுவும் பொருந்தாது. இந்தியாவில் வாங்கும் கிஃப்ட் கார்டும் அதில் ஏறாது, அங்கே வாங்கும் கார்டு இந்திய அக்கவுன்ட்டில் ஏறாது. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் இந்தக் கார்டு பிரச்சினையோடு வருகிறவர்கள் நிறைய. இங்கே ஆடப்போகிற தம்பிக்கு இந்திய அக்கவுன்ட் ஒன்றைப் புதிதாகத் திறந்து, சந்தாவை அதில் எடுப்பது மலிவு. அந்த அக்கவுன்ட்டில் கன்சோல் ஷேரிங்கைப் போட்டுவிட்டால், அதே கன்சோலில் இருக்கும் பழைய அக்கவுன்ட்டும் சந்தாவின் கேம்களை ஆடலாம். பழைய டிராபி, சேமிப்பு எதையும் இழக்க வேண்டாம்.

இன்டர்நெட்டைக் கணக்கில் சேர்க்காமல் சந்தா பேசக்கூடாது. சந்தாவில் வரும் பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைச் சாதாரணமாகத் தொடும். வீட்டில் 50 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தால் நாலரை மணி நேரத்தில் இறங்கிவிடும். கடற்கரைக் குப்பங்களில் இன்னும் பல வீடுகளில் தினம் 2 ஜிபி தரும் போன் ரீசார்ஜ்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் 100 ஜிபி இறக்க ஐம்பது நாள். ஒரு மாதச் சந்தா முடியும்போது கேம் பாதிதான் இறங்கியிருக்கும்! ஃபைபர் இல்லாத வீட்டுக்குச் சந்தாவே வேண்டாம், டிஸ்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிஸ்க்கிலும் அப்டேட் இறக்க வேண்டித்தான் வரும், இருந்தாலும் அந்த அளவு இல்லை. லைன் அடிக்கடி போகிற வீடாக இருந்தாலும் கேம் பாஸ் கேம்களை ஆஃப்லைனில் ஆட ஏற்பாடு உண்டு, இடையிடையே இணையத்தோடு இணைத்துச் சந்தா உயிரோடு இருப்பதைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

கிளவுட் கேமிங் வந்துவிட்டதே, இறக்கவே வேண்டாமே என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். 2025 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்தியாவுக்கு வந்தது உண்மைதான். ஆனால் படம் ஓடுவதுபோல எல்லாமே லைனில் வருகிறது. 10 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆடினால் 4.5 ஜிபி. போன் டேட்டாவில் 2 ஜிபி அரை மணி நேரத்துக்குள் காலி. மழைக்காலத்தில் இங்கே லைன் இருக்கும் லட்சணத்தில் அதை நம்பி நான் யாரையும் கன்சோலை விற்கச் சொல்ல மாட்டேன். கூகுளே ஸ்டேடியா என்று ஒரு கிளவுட் கேமிங் சேவையை 2019 நவம்பரில் தொடங்கி, 2023 ஜனவரியில் இழுத்து மூடியது. வாங்கிய கேமுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. எல்லாக் கம்பெனியும் அப்படிக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்லும் சந்தா ஒன்று உண்டு. போனுக்கு கூகுள் பிளே பாஸ், ஐபோனுக்கு ஆப்பிள் ஆர்கேட். இரண்டுமே இந்தியாவுக்கு வந்தபோது மாதம் ₹99. விளம்பரம் கிடையாது, நடுவில் வைரம் வாங்கு, நாணயம் வாங்கு என்று பிள்ளையைத் தூண்டுவதும் கிடையாது. உம்மாவின் போனில் விளையாடிக் காசைத் தொலைத்த பிள்ளையின் கதையைத் தெருவுக்கு ஒன்று கேட்கிறோம். அதற்கு இது நல்ல தடுப்பு. நெட்ஃபிளிக்ஸ் ஏற்கனவே இருக்கிற வீடு என்றால் அதிலும் கேம்கள் இருக்கின்றன, தனிக் காசு இல்லை.

வாப்பாவுக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கலாம், இங்கே பல பெரியவர்களுக்கு இருக்கிறது. ஆன்லைன் கேமில் பணம் கட்டுவது என்றாலே ரம்மி என்று நினைக்கிறார்கள். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது. சந்தா அந்த வகையில் சேராது. இதில் பந்தயம் இல்லை, ஜெயித்தால் காசு வராது, தோற்றால் போகாது. வீட்டில் அதைச் சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை அதோடு முடியும்.

பணம் எடுக்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். சந்தாக் கம்பெனிகளுக்கு நல்ல வருமானம், மறந்துபோகிறவர்களிடமிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபரிலிருந்து, கார்டிலோ யூபிஐ ஆட்டோபேயிலோ தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ் வந்ததும் பாருங்கள், அந்த மாதம் வேண்டாம் என்றால் அப்போதே ரத்து செய்யலாம். ஆனால் ₹15,000 வரை ஓடிபி கேட்காமலே எடுத்துவிடும் என்பதால் எஸ்எம்எஸ்ஸைப் பார்க்காதவருக்கு இந்த விதியால் லாபம் இல்லை. உங்கள் எண் துபாயில் இருக்கிறது, வங்கி எஸ்எம்எஸ் இந்திய சிம்முக்கு வருகிறது, அந்த சிம் எங்கே கிடக்கிறதோ! அதனால் எளிய வழி, சந்தா எடுத்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுவது. கட்டிய காலம் முடியும்வரை கேம் ஓடும். தடைக்காலத்தில் வருமானம் குறையும் வீடுகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். 2025-ல் அரசு கொடுத்த நிவாரணமே குடும்பத்துக்கு ₹8,000 தான், அந்த அக்கவுன்ட்டிலிருந்து ஒரு கேம் கம்பெனி ₹1,389 எடுத்துக்கொண்டு போகக்கூடாது.

கேமுக்கு ஒதுக்கும் காசில் மிஷினுக்கும் கொஞ்சம் வைக்க வேண்டும். உப்புக் காற்று கன்சோலுக்கு ஆகாது. பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து வரும் பெட்டிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டும் யூஎஸ்பி வாயும் துருப்பிடித்து வருவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஜன்னலோரம் வைக்காதீர்கள், ஆடாத நாட்களில் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள், ஆடும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்தால் போதும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு, மேலே சொன்ன விலைகளை வைத்தே. பையன் கேட்கிறபடி எக்ஸ்ட்ரா வருடச் சந்தாவும் பிசி கேம் பாஸ் பன்னிரண்டு மாதமும் எடுத்தால் ₹6,699-ம் ₹11,268-ம் சேர்ந்து ₹17,967. நான் சொல்வது, எசென்ஷியல் ஒரு வருடம் ₹3,949, கோடை லீவில் பிசி கேம் பாஸ் இரண்டு மாதம் ₹1,878, மொத்தம் ₹5,827. மீதி ₹12,140. அதில் ₹4,999 வீதம் இரண்டு புது டிஸ்க் வாங்கலாம். அப்புறமும் இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கும், ஜூன் கடைசியிலோ டிசம்பரிலோ வரும் ஸ்டீம் சேலில் பழைய நல்ல கேம்கள் மூன்று நாலு அதில் கிடைக்கும். ஸ்டீமில் வாங்கியது பிடிக்கவில்லை என்றால், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி, பதினான்கு நாளுக்குள் கேட்டால் பணம் திரும்ப வரும். எந்த இரண்டு டிஸ்க் என்பதைப் பையனே முடிவு செய்யட்டும், அடுத்த லீவில் வரும்போது துபாயிலிருந்தே வாங்கி வரலாம். பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த அக்கவுன்ட்டிலும் ஓடும். அந்தக் கேமுக்கான கூடுதல் பாகங்களுக்கு மட்டும் டிஸ்க் வாங்கிய வட்டாரத்தின் ஸ்டோர் வேண்டியிருக்கும், அதனால் கூடுதல் பாகம் வாங்க வேண்டிவரும் கேம் என்றால் அந்த டிஸ்க்கை இந்தியாவிலேயே வாங்கச் சொல்லுங்கள்.